செங்கல் சூளை ஸ்டாப்பிங்

"செங்கல் சூளை ஸ்டாப்பிங்கை எடுத்துடலாம்னுதான் இருந்தோம்," என்றார் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு வந்த போக்குவரத்து அதிகாரி. "ஆனா தினமும் ஒரே ஒருத்தர் அங்க ஏறுறாங்க. அவங்களுக்காக விட்டுவைக்கிறோம். யாருங்க அது?"

யாரும் எழவில்லை. அந்த வழியில் ஓடும் பஸ் கண்டக்டரின் மனைவிக்குச் சுருக்கென்றது. சூளை மூடி ஆறு வருஷமாகிறது. அங்கே ஆள் ஏது? பக்கத்திலிருந்த கணவர் முகத்தில் ஈயாடவில்லை.

வாசலுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டாள். "யாரு அவ?"

"ஒருத்தியும் இல்ல. நான்தான் தினமும் என் காசுல ஒரு டிக்கெட் கிழிக்கிறேன்."

"பைத்தியமா உங்களுக்கு?"

"சூளை வேலை முடிஞ்சு, சில்லறை இல்லாம நீ மொதமொதல்ல ஏறி முழிச்ச இடம்டி அது. எடுக்க விடுவேனா?"

மறுநாள் செங்கல் சூளை ஸ்டாப்பிங்கில் நரைத்த தலை ஒன்று கைகாட்டி ஏறியது. கண்டக்டரிடம் பெரிய நோட்டாக நீட்டியது.

"சில்லறை இல்லைங்க."