கடைசித் துண்டு

ஞாயிற்றுக்கிழமை கணினி முன்னால் உட்கார்ந்தவன் திடுக்கிட்டான். கோப்புகளைப் பாதுகாக்கும் கம்பெனியில் அவனுக்கு வேலை. வீட்டிலும் அதே புத்தி. ஒவ்வொரு கோப்புக்கும் மென்பொருள் ஒரு நீளமான எண்ணைக் கணக்கிட்டு வைத்திருக்கும். கோப்பில் இம்மி மாறினாலும் எண் மாறிவிடும். இன்று ஒன்று ஒத்துவரவில்லை.

“பாப்பாவோட வாய்ஸ் மெசேஜை யாரு தொட்டது?”

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை. “டிஸ்க் பழசாயிடுச்சுல்ல?”

“டிஸ்க் போனா இப்படிக் கத்திரி போட்ட மாதிரி போகாது. கடைசித் துண்டையே காணோம்.”

“நான்தாங்க வெட்டினேன். கடைசியில ஒரே இரைச்சல். நீங்க அதை முழுசா கேட்டதே இல்லையே?”

“எங்க, பாதியிலயே நிறுத்திடுவேனே.”

“அப்ப விடுங்களேன்.” அவள் மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தாள்.

பழைய நகலை மீட்கவா, புது எண்ணை ஏற்கவா என்று மென்பொருள் கேட்டது. அவன் புது எண்ணை ஏற்றுக்கொண்டான்.

“இரைச்சல்தானே, போகட்டும்.”

அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மகள் தனியாகக் கிளம்பி வந்து லாரியில் அடிபட்டுச் செத்த அன்று, மீட்டிங்கில் இருந்த அவனுக்கு அந்தக் குழந்தை அனுப்பிய மெசேஜ் அது. அதன் முடிவில் இரைச்சல் எதுவும் கிடையாது.

“மழை கொட்டுது, வந்து கூட்டிட்டுப் போப்பா. ஏன்ப்பா போனை எடுக்க மாட்டேங்கற?”

ஆபீசில் இருக்கும் நகலில் அதை அவன் தினமும் கேட்கிறான்.