மீதிக் காட்சி

கதிரேசனும் மகள் இலக்கியாவும் கைப்பேசியில் எடுத்த படங்களிலெல்லாம் யாராவது ஒருவர் மாயமாய் மறைந்துபோவார். பெரிய வித்தை ஒன்றுமில்லை. நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருக்க, மந்திரவாதி கரண்டியை ஓங்குவான். அங்கேயே பதிவை நிறுத்தியதும் உட்கார்ந்திருப்பவர் எழுந்து போய்விட வேண்டும். மந்திரவாதி மட்டும் இம்மியும் அசையக்கூடாது. மறுபடி பதிவை ஓட்டினால் நாற்காலி காலி. மறைந்தவர் திரும்பி வருவதற்கும் இதே வழிதான். கடைசிப் படத்தில் மறைந்தவள் கதிரேசனின் மனைவி சுகந்தி. திரும்பி வருகிற காட்சியை எடுப்பதற்குள் குக்கர் கத்தியது. "மீதிய நாளைக்கு எடுத்துக்கலாம்டி" என்று சமையலறைக்குப் போனாள். மறுநாள் ஆஸ்பத்திரி. அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது கூடத்து நாற்காலிகளையெல்லாம் வெளியே எடுத்துப் போட வேண்டியிருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் கிளம்பியதும், இலக்கியா அந்த நாற்காலியை உள்ளே இழுத்துவந்து, கழுவிவிட்ட தரையில் பழைய இடத்தைத் தேடிப் போட்டாள். அப்பாவை அன்றைய நீலச் சட்டையைப் போடவைத்தாள். கரண்டியைக் கையில் கொடுத்தாள். "அன்னிக்கு மாதிரியே நில்லுங்கப்பா." அவன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். "பேசாதீங்க! நீங்க அசைஞ்சா எல்லாம் கெட்டுப்போயிடும்." காலி நாற்காலியைக் கொஞ்சநேரம் பதிவுசெய்துவிட்டு நிறுத்தினாள். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, "ம்ம், இப்ப வந்து உக்காரும்மா" என்றாள். கதிரேசன் ஓங்கிய கரண்டியை இறக்கவில்லை.