விலா எலும்பின் இடுக்கில்

வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்தபடி அவள் மல்லாந்து படுத்திருந்தாள்.

ஜெல் சில்லென்று இருந்தது. விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு விரல் நுழையும் இடுக்கு. ஸ்கேன் கருவியின் முனை அங்கே வந்து நின்றது.

"இது ஊசி இல்லம்மா. விரலால சுண்டுற மாதிரி இருக்கும். பத்துத் தடவை சரியா விழணும். அதை வச்சு ஈரல் மெத்துன்னு இருக்கா, இறுகிப் போயிருக்கான்னு மெஷின் சொல்லிரும்."

சொன்னவள் டெக்னீஷியன். கழுத்து அட்டையில் பிரிஸ்கில்லா என்று இருந்தது.

சுண்டியது.

படுத்திருந்தவளுக்கு உடம்பு தூக்கிப் போட்டது.

வெளியே வராந்தா நாற்காலியில் அண்ணன் அழகுமலை உட்கார்ந்திருந்தான். மினி பஸ் ஓட்டியவன். ஒரு நாள்கூடக் குடித்தவன் இல்லை. ஏதோ கிருமி என்றார்கள். ஈரல் முழுக்கக் கெட்டுவிட்டது, யாராவது தங்கள் ஈரலில் பாதி கொடுத்தால்தான் பிழைப்பான் என்று சொல்லி மூன்று வாரம்.

அண்ணிக்கு ரத்த வகை சேரவில்லை. இவளுக்குச் சேர்ந்தது.

'நான் தர்றேன்' என்று அன்றைக்கே சொன்னாள். எல்லோர் முன்னாலும். அண்ணன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, 'தங்கச்சிக்குச் சின்னப் பிள்ளை இருக்கு' என்றான். அவன் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் தன் வயிறு திறந்து கிடந்தது. நாலு வயது மகள் பக்கத்தில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"மூச்சைச் சாதாரணமா விடுங்க."

திரையில் சாம்பல் நிறப் பட்டைகள் ஓடின. முனை சரியான இடத்தில் இருந்தால் ஓரத்தில் பச்சை எரிந்தது. பிசகினால் அணைந்தது.

ஒன்று.

இரண்டு.

மூன்றாவதற்கு முன் அவள் மூச்சை ஆழமாக இழுத்துவிட்டாள். விலா விரிந்தது. பச்சை அணைந்தது.

வேண்டுமென்று செய்யவில்லை.

பிரிஸ்கில்லா முனையை அரை விரல் கீழே இறக்கினாள். முதுகுப் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்தாள். பச்சை வந்தது.

அவள் இடுப்பை அசைத்தாள். போனது.

இந்த முறை வேண்டுமென்றேதான்.

மறுபடி தேடினாள் பிரிஸ்கில்லா. மறுபடி போனது.

கை நின்றது. பிரிஸ்கில்லா இப்போது திரையைப் பார்க்கவில்லை. படுத்திருந்தவளின் முகத்தைப் பார்த்தாள்.

"பயமா இருக்கா?"

கண்ணீர் காதுக்குள் இறங்கியது.

"இதைக் கெடுத்தா நாளைக்கு வரச் சொல்லுவாங்க. அவ்வளவுதான்." கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அடுத்து டாக்டர் உங்களைத் தனியாப் பார்ப்பாங்க. இஷ்டமில்லன்னா அவங்ககிட்டச் சொல்லுங்க. சேரலன்னு மட்டும்தான் வீட்டுக்காரங்களுக்குத் தெரியும். காரணம் வெளிய வராது."

அதன் பிறகு அவள் அசையவில்லை.

மூன்று. நான்கு. ஐந்து.

பத்து முடிந்தபோது தலைக்கு மேல் வைத்த கை மரத்துப் போயிருந்தது.

"நாலு புள்ளி ஆறு. ரொம்ப நல்ல ஈரல்" என்றாள் பிரிஸ்கில்லா. சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்பது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டு முனையைத் துடைத்தாள்.

டாக்டர் அறையில் இரண்டு நாற்காலிகள். யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று டாக்டர் கேட்டார்.

"இல்ல."

"முழு மனசோடதான் வந்திருக்கீங்களா?"

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னால முடியாது டாக்டர்."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. "சரிம்மா" என்றார். எழுதினார்.

வராந்தாவில் அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"என்ன சொன்னாங்க, சோதி?"

"சேரலையாம்ண்ணே."

அவன் அழுவான், இல்லை இடிந்து உட்காருவான் என்று நினைத்திருந்தாள். திட்டினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

அவன் அவள் தோளைப் பிடித்தான்.

"ஏன் சேரல? உனக்கு என்ன?"

"ஒண்ணுமில்லண்ணே."

"ஒண்ணுமில்லாம எப்படிச் சேராமப் போகும்? ரத்தம் சேர்ந்துச்சுல்ல? ஈரல்ல ஏதும் கோளாறுன்னாங்களா? எனக்கு வந்த கிருமி உனக்கும் வந்திருச்சா?"

அவள் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தான். மஞ்சள் தெரிகிறதா என்று வெளிச்சத்துக்குத் திருப்பி மறுபடி பார்த்தான்.

"எனக்கும் ஆரம்பத்துல ஒண்ணுமில்லன்னுதான் விட்டோம். வா, என்னன்னு கேப்போம். இன்னைக்கே உனக்கு வைத்தியம் ஆரம்பிக்கணும்."

"வேண்டாம்ண்ணே. வீட்டுக்குப் போவோம்."

அவன் கேட்கவில்லை. வீங்கிய வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு டாக்டர் அறையை நோக்கி நடந்தான். நாலு எட்டு வைத்து நின்றான். மூச்சு வாங்கினான். மறுபடி நடந்தான்.

இந்த மூன்று வாரத்தில் அவன் இவ்வளவு வேகமாக நடந்து அவள் பார்த்ததில்லை.

"அண்ணே" என்றாள். அவன் திரும்பவில்லை.

அவன் கதவைத் தட்டினான்.

உள்ளிருந்து, "வாங்க" என்று கேட்டது.