தறி நின்ற நேரம்

சின்ன காஞ்சிபுரத்து மாடி அறையில் ஜன்னல் கம்பிகளின் நிழல் கரும்பலகைமேல் சாய்ந்து கிடக்கிறது. மூட்டை தூக்கிவிட்டு நேராக வந்த சின்னப்பையன் எழுந்து நிற்கிறான். ஜப்பான் மொழி சொல்லிக்கொடுக்கும் நாஸியா மிஸ் கைப்பேசியில் அவனைப் படம் பிடிக்கிறார். இந்தப் படம் தேறினால் மிஸ்ஸுக்கு அயல்மொழி ஆசிரியர் விருது. அதோடு வரும் நிதியில்தான் அடுத்த வருஷமும் இந்த வகுப்பு நடக்கும். 'நான் சின்னப்பையன்' என்று ஜப்பான் மொழியில் தன் பெயரைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். "வதாஷி வா..." என்கிறான். அதற்குமேல் நாக்கு நகரவில்லை. மறுபடி தொடங்குகிறான், அங்கேயே நிற்கிறான். அப்போதுதான் உறைக்கிறது, கீழ்வீட்டில் தறிச் சத்தம் இல்லை. தறியின் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சொல்லாகத்தான் இத்தனை நாளும் வகுப்பே படித்திருக்கிறது. ஜன்னலில் எட்டிப் பார்க்கிறான்.

"வடிவக்கா, தறிய ஏன் நிறுத்திட்ட?"

"படம் புடிக்கறாங்களேன்னு மூச்சக்கூட அடக்கிக்கினு உக்காந்திருக்கேன்பா."

"நீ நெய்யிக்கா. அப்பதான் எனக்கு நாக்கு பொரளும்."

நாஸியா மிஸ் சிரிப்பை விழுங்கிக்கொண்டு தலையசைக்கிறார். கைப்பேசியில் சிவப்புப் புள்ளி இன்னும் எரிகிறது. கீழே தறி 'தடக்' என்கிறது. "வதாஷி வா" என்கிறான். அடுத்த தட்டு விழுகிறது. "சின்னப்பையன் தெஸ்."