மூன்று கிலோ இருநூறு

பல வருஷத்து நெஞ்சுவலிக்கு ஒருவழியாக ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியிருந்தான் லோடுமேன் சங்கிலி. இருமும்போது தையல் பிரியாமல் இருக்க ஆஸ்பத்திரியில் கொடுத்த தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு, மகள் செவந்தியின் மடியில் தூங்கும் பேத்தியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“மூணு கிலோ இருநூறு” என்றான். மூட்டையைப் பார்த்தே எடை சொல்லிப் பழகிய கண்.

“ரெண்டு கிலோவுக்கு மேல தூக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருப்பா. மூணு மாசத்துல வாரேன். அப்பத் தூக்கிக்க.” பஸ் ஸ்டாண்டுக்குப் போக ஆட்டோ சொல்லியாயிற்று.

“அப்ப அவ ஆறு கிலோ இருப்பா. இந்த மூணு கிலோவ நான் எப்பச் சொமக்குறது?”

செவந்தி பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

சங்கிலி தலையணையைத் தள்ளி வைத்தான். தலைத்துண்டை உதறி, நாலாக மடித்து, மடியில் விரித்தான்.

“எந்த லோடுமேன்டி மூட்டையத் தானாத் தூக்குறான்? ரெண்டு பேரு தூக்கி ஏத்திவிடுவாங்க. எங்களுக்குச் சொமக்குறது மட்டுந்தான்.” மூச்சு வாங்கியது. “நீ ஏத்தி மட்டும் விடு, தாயி.”

வெளியே ஆட்டோ ஹாரன் அடித்தது. மூட்டைக்கு முதுகு கொடுத்து நிற்பவனைப் போல அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். செவந்தி குழந்தையோடு எழுந்து அவன் மடிப் பக்கம் குனிந்தாள்.