எட்டாயிரம் அடிக்கு செற் பண்ணியது

கோணேஸ்வரன் ஸ்னோமொபிலின் முன்மூடியில் கை வைத்ததும் தங்கத்துரை பதறிக் குரல் கொடுத்தார்.

"மச்சான், திறக்காதை. மலைக்கு செற் பண்ணி வைச்சிருக்கிறன்."

இந்த வசனத்தைக் கேட்காத தமிழர் ரொறன்ரோவின் ரூஜ் பக்கத்தில் இல்லை. பனியில் சறுக்கி ஓடவேண்டிய அந்த மஞ்சள் வாகனம் மூன்று பனிக்காலமாக தங்கத்துரையின் கராஜில் நிற்கிறது. ஒருக்கால் ஓடிக் காட்டுங்கோ என்று யார் கேட்டாலும் இதுதான் பதில்.

விளக்கமும் தயாராக இருக்கும். மேலே போகப் போகக் காற்று மெலியும். காற்றுக் குறைந்தால் பெற்றோலையும் குறைக்கவேண்டும். அதற்குக் கார்புரேற்றரில் ஜெற் என்ற, பெற்றோல் பாயும் துளை சிறுத்த திருகாணியைப் பூட்டவேண்டும். அதே ஜெற்றோடு ரூஜ் மாதிரிப் பள்ளத்தில் ஓடினால், பெற்றோல் போதாமல் என்ஜின் கொதித்து பிஸ்டன் உருகிவிடும்.

அவர் சொல்வதில் ஒரு பிழையும் கிடையாது. யூடியூப்பில் இரவு பகலாகப் படித்த படிப்பு.

சட்டைப் பையில் ஒரு தைல டப்பி வைத்திருப்பார். அதற்குள் மூக்குத்தி அளவில் பித்தளை ஜெற்றுகள் கிடக்கும். கலியாண வீட்டுப் பந்தியில் அவற்றை எடுத்துப் பருப்புக்கும் பாயசத்துக்கும் நடுவில் அடுக்கி, எது எந்த உயரத்துக்கு என்று வகுப்பு எடுப்பார். முதல் வருடம் ஐயாயிரம் அடிக்கு செற் பண்ணியிருந்தார். கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். இந்த வருடம் எட்டாயிரம் அடிக்கு ஏறிவிட்டார், கராஜை விட்டு இறங்காமலே.

ரொறன்ரோவில் மலை இல்லை. அதனால் அவரை மறுத்துப் பேசவும் ஆள் இல்லை.

அந்த ஆளை இன்று காலை, மலைகளுக்குக் கிட்ட இருக்கும் கல்கரியிலிருந்து விமானம் கொண்டுவந்து இறக்கிவிட்டது.

கோணேஸ்வரன், தங்கத்துரையின் மனைவி தங்கேஸ்வரியின் அண்ணன். சனிக்கிழமை வந்தால் மெய்யான மலையில் மெய்யான ஸ்னோமொபில் ஓடுகிறவர். தங்கை புருஷனுக்கென்று பள்ளத்துக்கு ஏற்ற ஜெற் வாங்கி, அதைப் பரிசுப் பொதியாகவும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். இப்போதே மாற்றிப் பூட்டினால் பின்னேரம் வடக்கே ஏற்றிக்கொண்டு போய் ஓடலாம் என்பது அவருடைய திட்டம். திருப்புளியைக் கையில் எடுத்தாயிற்று. என்ஜினைப் பார்த்தால் போதும்.

பார்க்க முடியாது. அதற்குள் என்ஜின் இல்லை.

இணையத்தில் படத்தைப் பார்த்து, மலிவு என்று துள்ளிக் குதித்து வாங்கியது. விற்றவன் என்ஜினைத் தனியே வேறு யாருக்கோ கொடுத்திருந்தான். விளம்பரத்தின் கடைசி வரியில் அதை நேர்மையாகச் சொல்லியும் இருந்தான். தங்கத்துரை எதையும் கடைசி வரி வரை வாசிக்கிற ஆள் இல்லை. வீட்டில் இறக்கி மூடியைத் திறந்தபோது, லண்டன், பாரிஸ், திருகோணமலை என்று சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் படம் போய்ச் சேர்ந்திருந்தது.

அன்று மூடியவர்தான். பிறகு அவரும் திறக்கவில்லை, ஒருவரையும் திறக்க விடவுமில்லை. பெரிய வெட்கமாக இருந்தது. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அவள் சிரித்தால் தாங்கமாட்டார்.

தங்கேஸ்வரியும் தங்கமான மனுஷி. வாங்கிய புதிதில் இரண்டு கிழமை முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். பிறகு அந்த வாகனத்தைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை. அதை விற்கலாமா என்று அவரே ஒருநாள் கேட்டபோது, நிற்கட்டும் என்றாள். தன் அறிவுக்குக் கிடைத்த மரியாதை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

இன்றோடு அந்த மரியாதை எல்லாம் சரி. மச்சான் மூடியின் கொளுவியை இழுத்தால் போச்சு. இனி எந்தப் பந்தியிலும் தலை நிமிர்ந்து உட்கார முடியாது.

கோணேஸ்வரன் கொளுவியைப் பிடித்தவர், மூக்கைச் சுளித்தார். என்ன மணம் இது என்று கேட்டார்.

டூ-ஸ்ரோக் ஒயில் என்றார் தங்கத்துரை. மூன்று வருடமாக அவருக்கே விளங்காத மணம் அது.

வீட்டுக்குள்ளிருந்து கராஜுக்கு வரும் கதவடியில் தங்கேஸ்வரி அகப்பையோடு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"அண்ணை, கையை எடுங்கோ. அது இன்னும் பூசை போடாத வாகனம்."

கோணேஸ்வரனின் கை படக்கென்று விலகியது. சில்லுக்கு அடியில் தேசிக்காய் நசியாமல் ஒரு வாகனத்தையும் வீட்டுக்குக் கொண்டுபோகாத மனிதர் அவர். புல்லு வெட்டும் மெசினுக்கும் சந்தனப் பொட்டு வைத்தவர். இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். சில்லே இல்லாத இந்த வாகனத்துக்குத் தேசிக்காயை எங்கே வைப்பது என்றுதான் அவருக்கு இப்போது கவலை. அதை ஐயர் பார்த்துக்கொள்வார் என்று தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

"அப்ப வெள்ளிக்கிழமை கோயிலுக்கு ஏத்திக்கொண்டு போவம். மூடியைத் திறந்து என்ஜினுக்கும் ஒரு தீபம் காட்டச் சொல்லுவம்."

சொல்லிவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்க உள்ளே போய்விட்டார்.

தங்கத்துரை இருக்கையில் அப்படியே குந்திவிட்டார். வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் மானம். மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடவேண்டும் போல இருந்தது. வாயெடுத்தார். அதற்குள் அவள் கிட்ட வந்துவிட்டாள்.

தங்கேஸ்வரி குனிந்து, அரைவாசி இழுபட்டிருந்த கொளுவியைப் பழகிய கையால் அழுத்திப் பூட்டினாள்.

"குப்பை கிளறித் தின்னுற றக்கூன் கிண்டாத இடம் இது ஒண்டுதான் எண்டு வைச்சனான். கருவாட்டுப் பெட்டியை வியாழக்கிழமை எடுத்துப்போடுறன். நீங்கள் அதுக்குள்ள ஒரு என்ஜினை வைக்கிற அலுவலைப் பாருங்கோ."