பிழையற்ற விண்ணப்பம்

அந்தக் காய்ச்சலுக்கு இன்னும் பெயர் இல்லை. அது என்னவென்று கண்டுபிடிக்கத்தான் டாக்டர் நாச்சியார் மத்திய அரசிடம் ஆராய்ச்சி நிதி கேட்டாள். அவள் தம்பி சண்முகவேலும் அதே காய்ச்சலில் வார்டில் கிடந்தான்.

இணையதளம் விண்ணப்பத்தை மறுபடியும் திருப்பி அனுப்பியது. "பட்டியலில் இல்லாத நோய்க்கு நோயாளிகள் இருக்க முடியாது. பிழையைத் திருத்தவும்."

"பேரு தெரிஞ்சா நான் எதுக்கு நிதி கேக்கேன்?" என்று திரையைப் பார்த்துக் கத்தினாள்.

"அதுகிட்ட போய் நியாயம் பேசுதீங்களே மேடம்," என்றார் ஜெபராஜ். விண்ணப்பம் அனுப்பியே தலை நரைத்த குமாஸ்தா. "சிவப்பா காட்டுறத அழிச்சிருங்க. நிதி வந்தப்புறம் பாத்துக்கிடலாம்."

அன்றுதான் கடைசி நாள். சிவப்பாகக் காட்டிய நோயாளிகள் எண்ணிக்கையை அழித்து சைபர் போட்டாள். பிழையற்ற விண்ணப்பம் என்று இணையதளம் வாழ்த்தியது.

மறுநாள் காலை வார்டில் ஒரு கட்டிலிலும் ஆள் இல்லை.

"நீங்க சைபர்னு போட்டீங்களாமே மேடம்," என்றாள் நர்ஸ். "அந்த இணையதளத்தோட சேந்த நம்ம சிஸ்டம் எல்லாரையும் டிஸ்சார்ஜ் பண்ணிட்டுது."

ஆஸ்பத்திரி வாசல் பஸ் நிறுத்தத்தில் சண்முகவேல் சுருண்டு கிடந்தான். தொட்டால் கை சுட்டது.

"எனக்குச் சரியாயிட்டாம்க்கா," என்றான். அவனை எழுப்பி நிறுத்த இரண்டு பேர் வேண்டியிருந்தது.